அக்காள்மடத்திலிருந்து எத்தனை ஸ்டேஜ்?

உச்சிப்புளி நிறுத்தத்தில் ஒரு மாலை. இராமேஸ்வரம் போகும் பேருந்து வந்து நின்றது. உட்கார இடமும் இருந்தது. என் பக்கத்தில் நின்ற அம்மா ஏறவில்லை. காலடியில் கவிழ்த்துவைத்த அலுமினிய அன்னக்கூடை, இடுப்பில் சுருக்குப் பை. கருவாடு விற்றுவிட்டு வேதாளைக்குத் திரும்புகிறார். நான் வந்தபோதே ஒரு பேருந்தை விட்டிருந்தார். இது இரண்டாவது.

"ஏம்மா, ஏறலையா? இதுவும் வேதாளை வழியாத்தானே போகுது?"

"இது காசு பஸ்ஸு தாயி. டவுன் பஸ்ஸுலதான் சும்மா விடுவாக. பஸ்ஸு நிக்கிதேன்னு ஏறிப்புட்டா பத்து ரூவா, பதினஞ்சு ரூவா போயிரும். அந்தக் காசுக்கு நான் எம்புட்டுக் கருவாடு விக்கணும்? நீங்க போங்க டீச்சர்."

நான் ஏறிக்கொண்டேன். நடத்துநரிடம் பணத்தை நீட்டும்போதுதான், இத்தனை வருடமாக எந்தப் பேருந்து என்ன வகை என்று பார்க்காமலே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. மாதச் சம்பளம் வாங்கும் என்னால் அப்படி ஏற முடிகிறது. அவருக்கு ஒரே சாலையில் இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்றில் அவர் பயணி. இன்னொன்றில் நின்று பார்ப்பவர். இரண்டையும் பிரிக்கும் கோட்டை யார், எப்போது, எதை அளந்து போட்டார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

ஸ்டேஜ் என்ற சொல்

நம் ஊர் நடத்துநர் "அடுத்த ஸ்டேஜ் எது?" என்று கேட்கும்போது குதிரைகள் ஓடிய காலத்துச் சொல் ஒன்றைப் பயன்படுத்துகிறார். ஐரோப்பாவில் நெடுந்தூர வண்டிகளுக்குக் குதிரை மாற்றும் இடத்திலிருந்து அடுத்த இடம் வரை ஒரு ஸ்டேஜ். அந்தச் சொல் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'ஸ்டேஜ் கேரேஜ்' என்று நுழைந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, முழுப் பயணத்துக்கோ அதன் பகுதிகளுக்கோ ஆளுக்குத் தனித்தனியாகக் கட்டணம் வாங்கும் வண்டி என்பது அதன் சுருக்கமான பொருள். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு.

அரசு ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று விகிதம் அறிவிக்கிறது. வழித்தடம் நிலைகளாக வெட்டப்படுகிறது. நிலைக்கு நிலை கட்டணம் ஏறுகிறது. இரண்டு நிலைகளுக்கு நடுவில் ஏறினால் முந்தைய நிலையிலிருந்தும், நடுவில் இறங்கினால் அடுத்த நிலை வரைக்கும் காசு கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு கிலோமீட்டருக்கு ஒரு நிலை என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண் நிலை தாண்டி இரண்டாவது கிலோமீட்டரில் ஏறி, பன்னிரண்டு கிலோமீட்டர் தொடர்ந்து போய் வேலையிடத்தில் இறங்குகிறார். முன்னும் பின்னும் சேர்த்து நான்கு நிலைக்கான கட்டணம். அதே இடத்தில் ஏறும் ஒரு பெண் நான்கு கிலோமீட்டரில் இறங்கிக் குழந்தையைத் தாய்வீட்டில் விடுகிறார். அடுத்த பேருந்தில் நான்கு கிலோமீட்டர் போய் ரேஷன் கடையில் நிற்கிறார். மறுபடி ஏறி நான்கு கிலோமீட்டர் போய் வேலைக்குச் சேருகிறார். அவரும் போனது பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு நிலை. மொத்தம் ஆறு.

இந்த இரண்டு நிலை வித்தியாசத்துக்கு எந்த ஆணையிலும் பெயர் கிடையாது. பெண்ணிடம் கூடுதலாக வாங்கு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பி வேலைக்குப் போய் வீட்டுக்குத் திரும்பும் ஒருவரை மனதில் வைத்துச் சாலையை வெட்டினார்கள். அவர் கையில் குழந்தை இல்லை, தலையில் கூடை இல்லை. வெட்டிய இடங்களுக்கு நடுவில் விழுந்தது பெண்களின் பயணம்.

மடங்களின் பெயரில் இரண்டு நிறுத்தங்கள்

பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தால் அக்காள்மடம், அதையடுத்துத் தங்கச்சிமடம். நடத்துநரின் வாயிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனையோ முறை விழும் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு பயணக் கட்டணத்தின் கதை இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜயரகுநாத சேதுபதி தன் இரண்டு மகள்களையும் தண்டத்தேவர் என்ற ஒருவருக்கே மணம் செய்து கொடுத்தார் என்று சொல்கிறார்கள். பாம்பன் பகுதியின் பொறுப்பு மருமகனிடம். சேதுவுக்கு வரும் யாத்திரிகர்கள் மணலில் கால் புதைய நடக்க வேண்டியிருந்தது. பாம்பனிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கல் பாவிய பாதை போட அவர் நினைத்தார். அதற்கான செலவை யாத்திரிகர்களிடமே வரியாக வாங்கினார். சேதுக் காவலர் என்று பெயர் தாங்கிய மன்னருக்கு, இராமநாதரைப் பார்க்க வருபவரிடம் காசு வாங்குவது சிவத் துரோகமாகத் தெரிந்தது. மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார். மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினர். அக்காள் இறந்த இடத்தில் ஒரு மடம், தங்கை இறந்த இடத்தில் ஒரு மடம்.

இந்தக் கதை வாய்மொழியிலும் உள்ளூர் வரலாற்று நூல்களிலும் சிறு சிறு மாற்றங்களோடு புழங்குகிறது. நடந்தது இப்படியே நடந்ததா என்பதைவிட, கதை எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். பாதை போட்டவரும் வரி வாங்கியவரும் ஆண். அது தவறென்று தீர்ப்புச் சொன்னவரும் ஆண். சாலை யாருடையது, அதற்கு யார் பணம் தருவது என்ற வழக்கு மாமனாருக்கும் மருமகனுக்கும் நடந்தது. அந்த வழக்கில் பேசாத இரண்டு பெண்கள் நெருப்பில் முடிந்தார்கள். தண்டத்தேவருக்குப் பெயர் மிஞ்சியது. பெண்களுக்கு உறவுமுறை மட்டும் மிஞ்சியது: அக்காள், தங்கச்சி. இன்று அவர்கள் இரண்டு பேருந்து நிறுத்தங்கள்.

கடனாக எழுதப்பட்ட பயணம்

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் ரயிலில் கொழும்பு. 'போட் மெயில்' என்று பெயர் பெற்ற இந்தப் பயணத்தைப் பற்றிப் பெருமையோடு எழுதுபவர்கள் பலர். அதே வழியில் போன இன்னொரு கூட்டத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து, நோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள். அவர்களில் பெண்கள் பெருந்தொகை. கொழுந்து பறிக்கும் கைகள் பெண்களுடையவைதானே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தொழிலாளர்களுக்குத் தகர வில்லை முறை ஒன்று இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்ற அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும். ரயிலும் கப்பலும் அவர்களை ஏற்றிக்கொள்ளும், செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். கையில் காசில்லாதவருக்கு அது இலவசப் பயணம் போலத் தெரிந்திருக்கும். ஆனால் ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, சோறு என்று எல்லாம் சேர்ந்து தொழிலாளி தலையில் கடனாக ஏறியது. அதைக் கழிக்க வருடக்கணக்கில் உழைத்தார்கள்.

இந்தக் கரையில் பெண்களுக்குக் கிடைத்த 'சும்மா' பயணங்களுக்கு இப்படியும் ஒரு முன்கதை இருக்கிறது. டிக்கெட் வாங்காமல் போகலாம் என்று ஒருவர் சொன்னால், எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு வரலாற்றால் வந்தது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு சென்ற ரயிலைக் கடல் கொண்டுபோனது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கரைவலை இழுக்கும் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்துகொண்டே இருந்தன. புயலுக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்குத் தார்ச்சாலை கிடையாது. அரிச்சல்முனை வரைக்குமான சாலை திறக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். அதுவரை மணலில் ஓடிய வேன் வைத்ததுதான் கட்டணம். நோயாளியோ கர்ப்பிணியோ என்றால் இராமேஸ்வரம் வந்துசேர்வதே தனிப் பாடு.

தீவை நிலத்தோடு இணைத்த சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988 அக்டோபர் 2 அன்று. அதாவது தீவுப் பெண்களுக்குப் பேருந்தில் ஏறி இராமநாதபுரம் போகும் வழக்கத்துக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ரயில்கள் நிலப்பக்கத்திலேயே நின்றுவிட்டன. இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்குள் வரவும் வெளியே போகவும் சாலை மட்டுமே வழி.

கும்பகோணத்தின் கீழ் இராமேஸ்வரம்

1972இல் தமிழ்நாட்டில் பேருந்துகள் பெருமளவில் அரசுடைமையானபோது எங்கள் பக்கத்துக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1980களில் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. சேரன், சோழன், பல்லவன், கட்டபொம்மன், தீரன் சின்னமலை என்று தமிழ்நாட்டின் வரைபடமே மன்னர்களும் தலைவர்களுமாகப் பேருந்துகளின் நெற்றியில் ஓடியது. அந்த வரிசையில் அரிதாக இருந்த பெண்களில் ஒருவர், திண்டுக்கல்லின் ராணி மங்கம்மாள். சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததற்காக இன்றும் நினைக்கப்படுபவர் அவர்.

1997இல் பெயர்களை வைத்து எழுந்த சாதி மோதல்களையடுத்து எல்லாப் பெயர்களும் நீக்கப்பட்டன. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயரும் அதற்குக் கீழே கோட்டங்களும் வந்தன. இன்று இராமநாதபுரம் மாவட்டப் பேருந்துகள் காரைக்குடி மண்டலம். அது கும்பகோணம் கோட்டத்தைச் சேர்ந்தது. காவிரிக் கரையிலிருந்து மன்னார் வளைகுடாவை நிர்வகிக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வரைபடத்தில் கோடு போடும் கை எப்போதும் தொலைவில்தான் இருக்கிறது என்பதைச் சொல்ல வந்தேன்.

நிர்வாகக் கோட்டைவிடப் பயணியின் மடியைத் தொடுவது இன்னொரு கோடு. நகரப் பேருந்து, புறநகர்ப் பேருந்து என்ற பிரிவு. பேச்சுவழக்கில் டவுன் பஸ், மொபசல் பஸ். 'மொபசல்' அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். பிரிக்கப்பட்டது என்பது அதன் வேர்ப்பொருள்களில் ஒன்று. கம்பெனி ஆட்சியில் கல்கத்தா, சென்னை போன்ற தலைநகரங்களுக்கு வெளியே கிடந்த எல்லாமே மொபசல். எங்கள் கரை அந்தக் கணக்கில் முழுக்க மொபசல்.

கட்டண விகிதமும் இந்தப் பிரிவை ஒட்டியே போகிறது. நகரப் பேருந்துக்கு நிலைக் கணக்கில் தனி அட்டவணை. சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 28 பைசாவாக இருந்தது 2011 நவம்பரில் 42 பைசா ஆனது. 2018 ஜனவரியில் 60 பைசாவாக உயர்த்தி, மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகு 58 ஆகக் குறைத்தார்கள். விரைவுப் பேருந்துக்கு விகிதம் இன்னும் கூட. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். சாதாரண விகிதத்தில் போக 32 ரூபாய், போய்வர 64. இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தீவிலிருந்து ஸ்கேன் எடுக்கப் போகும் பெண் தனியாகப் போவதில்லை. துணைக்கு ஒருவர் என்றால் 128 ரூபாய். மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனால் மறுபடியும். நாள் முழுக்கக் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் ஒரு பெண்ணுக்கு இது சில்லறை கிடையாது.

கோடு முடியும் இடம்

2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் முதலில் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். இன்று அதன் பெயர் விடியல் பயணம். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. 888 ரூபாய் என்ன செய்யும் என்பதை வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் எந்தப் பெண்ணிடமும் விளக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரியது, வெளியே போக வீட்டு ஆணிடம் காசு கேட்க வேண்டாம் என்பது. எங்கே போகிறாய் என்ற கேள்வி பல வீடுகளில் காசு கேட்கும்போதுதான் வரும்.

2022இல் அமைச்சர் ஒருவர் இந்தப் பயணத்தைப் பொதுமேடையில் 'ஓசி' என்றார். தமிழ்நாடே கொதித்தது. நியாயமான கோபம். வீட்டிலும் வெளியிலும் கூலியில்லாமல் உழைக்கிறவர்களுக்குக் கிடைத்த சிறு திருப்பித்தரலை ஓசி என்று சொல்ல ஆண்களுக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்தச் சண்டையில் இன்னொரு கேள்வி அமுங்கிப்போனது. சலுகை யாருக்குக் கொடுக்கப்பட்டது? பெண்ணுக்கா, பேருந்துக்கா?

ஆணை பெண்ணைச் சொல்கிறது, நடைமுறை பேருந்தின் வகையைப் பார்க்கிறது. நகரப் பேருந்து அடர்த்தியாக ஓடும் மதுரையிலோ கோவையிலோ இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஊர்கள் கரையோரம் நூலில் கோத்ததுபோல் நீண்டு கிடக்கும் இராமநாதபுரத்தில் தெரியும். இங்கே டவுன் பஸ் ஒரு நகரைச் சுற்றி, ஓரளவு தூரம் போய்த் திரும்பிவிடும். இராமநாதபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம், இராமேஸ்வரத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்குப் பெண்களை ஏற்றிச்செல்பவை பெரும்பாலும் புறநகர்ப் பேருந்துகள். அங்கே பெண் மறுபடியும் காசு கொடுக்கும் பயணி. மீன் வாங்குவது ஒரு வட்டத்தில், விற்பது இன்னொன்றில் என்றால் அவள் தொழிலே கோட்டின் மேல் நடக்கிறது.

மற்ற மாநிலங்கள் இந்தக் கோட்டை வேறு இடத்தில் போட்டன. பஞ்சாப் 2021 ஏப்ரலில் மாநிலத்துக்குள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. கர்நாடகம் 2023 ஜூனில் 'சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. சொகுசுப் பேருந்து நீங்கலாக, பீதரில் ஏறும் பெண் மாநிலத்தின் மறுகோடி வரை போகலாம். அதே ஆண்டு டிசம்பரில் தெலங்கானா கிராமப் பேருந்தோடு விரைவுப் பேருந்தையும் சேர்த்தது. அங்கெல்லாம் நெரிசல், இழப்பீட்டுப் பாக்கி, ஆண்களின் முணுமுணுப்பு எல்லாம் உண்டு. கழகங்களின் கடன் சுமையும் பொய்யில்லை. தமிழ்நாடு முழுவதும் எல்லாப் பேருந்தும் என்றால் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் தமிழ்நாடே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2024-25 பட்ஜெட்டில் விடியல் பயணம் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கப்பட்டது. டவுன் பஸ் என்ற வகை மலைக்குப் பொருந்தவில்லை, அதனால் மலைப்பெண்கள் விடுபட்டுப்போனார்கள் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட இடம் இது. நிலம் வேறு மாதிரி இருந்தால் விதியும் மாற வேண்டும் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. மலைக்குப் பொருந்திய அந்த நியாயம் கடற்கரைக்கும் தீவுக்கும் பொருந்தும். வண்டியின் வகையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டர் வரை எந்தச் சாதாரணப் பேருந்தானாலும் கட்டணமில்லை என்று பயணியை வைத்து எல்லையை வகுக்கலாம். செலவுக்கும் ஒரு வரம்பு இருக்கும்.

கூடைக்கு எந்த டிக்கெட்?

கட்டணம் இல்லாத பேருந்தும் எல்லாப் பெண்ணையும் ஏற்றிக்கொள்வதில்லை. 2021 டிசம்பரில், திட்டம் வந்து ஏழு மாதத்தில், குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய வயதான பெண் ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் அவர் உரக்கக் கேட்ட நியாயம் காணொளியாகப் பரவியது. முதல்வர் வருத்தம் தெரிவித்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மீன் தின்னும் நாக்குகளுக்கு மீன்காரியின் மூச்சு ஆகாது என்பதில் சாதியும் இருக்கிறது, பாலினமும் இருக்கிறது. தண்டனையோடு செய்தி முடிந்தது. கூடையை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

கேரளத்தில் அந்தக் கேள்விக்குப் பெண்கள் போராடிப் பதில் வாங்கினார்கள். திருவனந்தபுரம் கடற்கரையின் மீன் விற்கும் பெண்கள் 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும், எங்களையும் கூடையையும் ஏற்றும் வண்டி வேண்டும் என்று திரண்டார்கள். அவர்களுக்கெனத் தனிப் பேருந்து வந்தது. 2021இல் 'சமுத்ரா' என்ற பெயரில் மூன்று தாழ்தளப் பேருந்துகள், கட்டணமில்லாமல், கூடை வைக்க இடத்தோடு விடப்பட்டன. மூன்றே பேருந்துதான். ஆனாலும் அதில் கூடை பயணியோடு சேர்த்து எண்ணப்பட்டது.

பணக்கார நகரங்களுக்கும் இந்தச் சிக்கல் புதிதில்லை. லண்டன் மாநகராட்சி 1981 அக்டோபரில் கட்டணத்தைக் குறைத்து, நகரை மண்டலங்களாகப் பிரித்து எளிமையாக்கியபோது, வெளிவட்டப் பகுதி ஒன்று வழக்குத் தொடுத்தது. எங்கள் வட்டாரத்தில் சுரங்க ரயிலே இல்லை, எங்கள் வரிப்பணம் எதற்கு என்பது வாதம். அந்த டிசம்பரிலேயே உச்சபட்ச நீதிமன்றம் கட்டணக் குறைப்பைச் சட்டவிரோதம் என்றது. அதே மாநகராட்சி 1982இல் அமைத்த பெண்கள் குழு, பெண்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று தனியாக ஆய்வு செய்தது. விட்டு விட்டு, குழந்தையோடும் பையோடும், நெரிசல் இல்லாத நேரத்தில் என்பது எண்ணிக்கையாகக் கிடைத்தது. 2016இல் அங்கே ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது பேருந்துக்குக் காசு இல்லை என்று ஆனது. 2018இல் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். நான் மேலே போட்ட கணக்கில் நம் பெண் கூடுதலாகக் கொடுத்த இரண்டு நிலைக்கு அங்கே இப்படி ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

நெய்தலிலிருந்து மருதத்துக்கு

வகுப்பில் ஐந்திணை நடத்தும்போது நிலத்தைப் பிரித்துப் பாடம் சொல்கிறோம். குறிஞ்சி இது, நெய்தல் இது. மாணவிகள் அழகாக அட்டவணை போடுவார்கள். ஆனால் சங்கப் பாடல்களின் நெய்தல் பெண் அட்டவணைக்குள் நிற்பவள் இல்லை. உமணர் மகள் உப்பைச் சுமந்து உள்நாட்டுத் தெருவில், நெல்லுக்கு உப்பு என்று கூவுகிறாள். பரதவர் வீட்டுப் பெண் மீனைக் கொடுத்து நெல் வாங்கிவருகிறாள். கடல் தருவதை வயல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால்தான் உலை கொதிக்கும். திணை எல்லையைத் தினமும் தாண்டுவதே அவள் வேலை. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் வேதாளை அம்மா அதைத்தான் செய்கிறார். அவர் எல்லையைத் தாண்டும் இடத்தில் ஒரு கட்டண நிலை நிற்கிறது.

அன்று என் பேருந்து கிளம்பியபோது அவர் கூடையை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தார். காசு கொடுக்காத பயணத்துக்கு அவர் கொடுத்தது நேரம். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போய் மீன் எடுத்த ஒருவரின் ஒரு மணி நேரம். எந்த ஆய்வும் மாத மிச்சத்திலிருந்து அந்த மணிகளைக் கழித்துக் காட்டியதாக நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அதே நிறுத்தத்தில் இறங்கினேன். அவர் இருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அத யாரு கணக்குப் பார்த்தா தாயி" என்றார்.

நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அன்றைக்கு டவுன் பஸ் வந்தது ஐம்பது நிமிடம் கழித்து. இடையில் மூன்று காசு பஸ்கள் போயின. அதை எழுதிக்கொண்டேன். இதைப் படிக்கும் மாணவிகளும் அவரவர் ஊர் நிறுத்தத்தில் ஒரு நாள் நின்று, யார் எந்தப் பேருந்தை விட்டார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எழுதிவைத்தால் நல்லது. கோட்டை மாற்றச் சொல்லிக் கேட்கும் நாளில் நம் கையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.